அறுபத்து மூன்று சென்டிமீட்டர்

வித்யா இறந்து எட்டு மாதம் ஆனபோது வாஷிங் மெஷினும் பாதி நின்றது. துவைத்தது, பிழியவில்லை. சொட்டச் சொட்ட எடுத்து மூங்கில் கழிகளில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். எங்கள் வீடு சிங்கப்பூரில் தேக்கா பக்கம், ஒன்பதாவது மாடி. எட்டாவது மாடியில் ஹலீமா அக்காவின் காய்ந்த துணிகள் இருந்தன.

மூன்றாவது முறை அவை நனைந்தபோது அக்கா மேலே வந்தார்.

"தம்பி, துணி காய்ஞ்சிருச்சுன்னு எடுக்கப் போனா, உங்க பேன்ட் அது மேல அழுதுக்கிட்டு நிக்குது. புதுசு வாங்குங்க லா."

வித்யாவின் அம்மா சாமுண்டீஸ்வரி அத்தை அப்போது மீன் பொரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் தஞ்சோங் பகாரிலிருந்து வந்து எனக்கு ஒரு வாரத்துக்குச் சமைத்து வைப்பார்.

"நல்லா உழைக்கிறதா பாக்கறேன் அத்தை. பதினஞ்சு வருஷத்துக்குக் கவலை இருக்காது" என்றேன்.

"பதினஞ்சா? நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒத்தையாவா துவைப்பீங்க?"

"துவைக்கறது மெஷின்தான்."

"அஞ்சாறு வருஷம் ஓடினா போதும் மாப்ளே. அப்புறம் வர்றவ அவளுக்குப் பிடிச்சதை வாங்கிக்கட்டும்."

இரண்டு மாதமாக இதே பேச்சு. போன வாரம் குழம்புச் சட்டியோடு ஒரு ஜாதகமும் வந்தது. குழம்பை மட்டும் சாப்பிட்டேன்.

அன்றே சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் சுரேந்தர் இரண்டைக் காட்டினார். முதலாவது பெரியது, மேலே மூடி, கனமான இரும்பு உடம்பு.

"தண்ணி சிக்கன லேபிள்ல ரெண்டு டிக்தான் சார். தண்ணி நிறையக் குடிக்கும். ஆனா சாகாது."

இரண்டாவதற்கு முன்பக்கம் கண்ணாடிக் கதவு.

"நாலு டிக். பாதித் தண்ணி. பிழிஞ்சா துணி பாதி காய்ஞ்சே வெளிய வரும். ஆனா உள்ள எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். கதவு ரப்பர், சர்க்யூட் போர்டுன்னு ஆறேழு வருஷத்துல ஏதாவது ஒண்ணு போகும்."

"பெரியது" என்றேன். பதினைந்து வருடம் யாரும் என்னிடம் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

"அகலம் அறுபத்தெட்டு. வீட்ல இடம் இருக்கா? இல்லன்னா எங்க ஆளுங்க திருப்பித் தூக்கிட்டு வரணும்."

வீட்டிலிருந்த அத்தைக்குப் போன் செய்தேன்.

"பதினஞ்சு வருஷம் ஓடுற பெரிய மெஷின் ஒண்ணு இருக்கு அத்தை. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவுல அளந்து சொல்லுங்க. டிராயர்ல வித்யாவோட டேப் இருக்கும்."

டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மீன் பொரியும் சத்தம் மட்டும்.

"எவ்வளவு வேணும் மாப்ளே?"

"அறுபத்தெட்டு."

"அடடா. அறுபத்து மூணுதான் வருது."

"நல்லா இழுத்துப் பிடிச்சீங்களா?"

"இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும்."

போனை வைத்தேன். பணம் கட்டும் கார்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. வித்யாவின் மஞ்சள் டேப். கடையில் அளக்கலாம் என்று கிளம்பும்போது நான்தான் போட்டு மறந்திருந்தேன்.

கையை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சார், எது?" என்றார் சுரேந்தர்.

டேப்பைப் பையின் அடியில் அழுத்தினேன்.

"நாலு டிக்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மெஷின் வந்தது. ஞாயிறு இல்லை, ஆனாலும் அத்தை வந்திருந்தார். ஆட்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு போனபின் பார்த்தால், புதியதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அத்தை அவசரமாக ஒரு வாளியைக் கொண்டுவந்து அதில் சொருகினார்.

"டேப் எங்க அத்தை?"

"எடுத்த இடத்துலயே வச்சுட்டேனே."

டிராயரை நானே திறந்து காட்டினேன். டேப் இருந்தது. ஞாயிறு இரவே நான் திருப்பி வைத்திருந்தேன்.

அத்தை டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிராயரை மெதுவாக மூடினார்.

"கதவு ரப்பர் எத்தனை வருஷம் வருமாம்?"

"ஆறேழு."

"திணிச்சுப் போட்டா நாலுல போயிடும்" என்று சொல்லிவிட்டு எட்டாவது மாடிக்கு இறங்கிப் போனார். திரும்பியபோது கையில் ஹலீமா அக்காவின் தடித்த போர்வை. "நீங்க நனைச்சதுதானே. முதல்ல இதைப் போடுங்க."

போர்வையை உள்ளே தள்ளினேன். என் பேன்ட்டுகளையும் சேர்த்தேன். கதவு மூடவில்லை.

முழங்காலால் ஒரு அழுத்து அழுத்தினேன்.