வடிகட்டிய ரெசின்

பட்டறையில் கடைசல் இயந்திரம் அண்ணியுடையது, வேக்குவம் தொட்டி கொழுந்தனுடையது. உளுத்த மரத்துண்டுகளை அவன் ரெசின் என்ற பிசின் திரவத்தில் மூழ்கவைத்து மூடுவான். பம்ப் காற்றை உறிஞ்ச, மரத்துக்குள் இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறும். குமிழ் நின்றதும் மூடியைத் தளர்த்தினால் காலியான துளைகளில் ரெசின் ஏறிக்கொள்ளும். சூட்டடுப்பில் வைத்து எடுத்தால் பஞ்சாக இருந்த மரம் கல்லாகிவிடும். அதில் அவள் கத்திப்பிடியும் பேனாவும் கடைவாள்.

அன்று குமிழ் நிற்கவேயில்லை. கண்ணாடி மூடி வழியே அவள் குனிந்து பார்த்தாள். துளைகளிலிருந்து வெள்ளைப் புழுக்கள் பிதுங்கி வந்து, ஊதிப் பெருத்து மிதந்தன. சில வெடித்து ரெசின் கலங்கியிருந்தது.

"மரத்தைக் காய வைக்கலையா தம்பி?"

"நேரம் எங்க அண்ணி இருக்கு?"

"உள்ள புழுடா!"

"மரத்தைத் தின்னு வளந்ததுதானே? அதையும் மரக்கணக்குல சேர்த்துக்குங்க."

பழைய துணியில் ரெசினை வடிகட்டி, புழுக்களோடு முறுக்கிப் பிழிந்து, மறுபடி டப்பாவில் ஊற்றினான். அவள் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

வெந்து வந்த துண்டுகளில் ஒன்றை, பல் முளைக்கும் குழந்தை கடிக்க வளையமாகக் கடையச் சொன்னான். எதற்கென்று தெரிந்ததுமே அவள் மறுத்துவிட்டாள். அவனே கடைந்தான். ஈரத்தில் ரெசின் சரியாக இறுகவில்லை. உளி பட்ட இடத்தில் பிசுபிசுவென்று கசிந்து, செத்த எலி போல நாறியது. மேலே மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கினான்.

வளையத்தை வாங்க ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"பாப்பா வாயில வைக்கும். மருந்து கிருந்து எதுவும் போடலையே?"

"சுத்தமான மரம்ங்க. வேணும்னா நக்கிக் காட்டட்டுமா?"

"காட்டு தம்பி," என்றாள் அண்ணி.

சிரித்துக்கொண்டே வளையத்தை உதட்டருகே கொண்டுபோனான். அங்கேயே கை நின்றுவிட்டது. நாக்கு வெளியே வரவில்லை. அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், குழந்தையை இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"சொந்த வீட்டு ஆளே என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"அந்தப் பச்சப்புள்ள வாயில நீ எதைப் போடப் பார்த்த?"

சாயங்காலம் அவள் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம தம்பிதானே, விடேன். அடுத்த தடவை காய வச்சுப் போடுவான்," என்றான். புழுவைக் கண்டபோது வந்த அதே குமட்டல் அவளுக்கு மறுபடி வந்தது.

மறுநாளே இயந்திரத்தை வண்டியில் ஏற்றினாள். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கிடைத்தது. இப்போது வைரம் பாய்ந்த மரத்தை மட்டும் வாங்கி, எதிலும் ஊறப்போடாமல் கடைகிறாள். ஆர்டர் குறைவுதான்.

கொழுந்தன் இன்னும் அந்த டப்பா ரெசினை வைத்துத்தான் ஓட்டுகிறானாம். வீட்டுக்குச் சாப்பிட வந்தால் பரிமாறுகிறாள். அவன் விரல்கள் சோற்றைப் பிசையத் தொடங்கியதும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.