வெளியே இழுத்துக் காட்டிய பாக்கெட்

வாயில் வந்தபடி ஒருத்திக்குத் திருடிப் பட்டம் கட்டிவிடலாமா? அதுவும் பதினோரு வருஷம் கூடவே நின்று, அதே ஓடையில் கால் மரத்துப்போனவளுக்கு? நோலீன் பாஸ்கோவுக்கு நினைக்க நினைக்க ஆறவில்லை. ரீஃப்டன் ஊரில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். சீட்டுக்கடியில் கிடந்த ஒற்றைக் கையுறையைக்கூடப் பிள்ளையின் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவள். அவளைப் போய்ச் சொன்னார்கள்.

தங்கம் அலசுவது அங்கே யாருக்கும் பிழைப்பில்லை. லீவு நாள் பொழுதுபோக்கு. அவரவர் அலசும் பெட்டி, அவரவர் அதிர்ஷ்டம். வருஷத்தில் ஒருநாள் மட்டும் தங்கம் அலசும் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குழியைத் தோண்டி, ஒரே பெட்டியில் ஓடும் தண்ணீரில் அலசி, கிடைப்பதைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கு மண் அள்ளிய வாளிக்குள் யாரும் விரல் விடக் கூடாது. மஞ்சளாக மின்னினாலும் சரி, அது சல்லடையில் இறங்கி, பெட்டியில் ஓடி, கடைசியில் பெட்டிக்குள் தங்கத்தைப் பிடித்துவைக்கும் விரிப்பை அலசும்போதுதான் வெளியே வர வேண்டும். ஒருத்தர் மேல் ஒருத்தருக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று செய்த ஏற்பாடு.

இன்னொரு சட்டமும் உண்டு. அதைப் போட்டவர் சங்கத் தலைவர் ரெக்ஸ் ஹானிஃபின். போன கோடையில் அவர், சங்கத்து ஆள் செல்வின் அலசித் தள்ளிய கழிவுக் குவியலைக் கிளறி ஒரு தங்கத் துண்டை எடுத்தார். செல்வின் கேட்டதற்கு, தூக்கி வீசிய கழிவில் கிடைப்பது எடுத்தவருக்கே சொந்தம் என்று சங்க நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். செல்வின் வாயை மூடிக்கொண்டான்.

இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து அலசிய நாள், காலை பதினோரு மணி இருக்கும். நிரம்பிய வாளி ஒன்றின்மேல் செல்வின் விளையாட்டாக மெட்டல் டிடெக்டரைக் காட்ட, அது வீலென்று கத்தியது. ஆணி, இரும்புக்கெல்லாம் இப்படிக் கத்தாது, உள்ளே இருப்பது பெரிய கட்டி என்று அவன் சத்தியம் செய்தான். அதுவரை மடக்கு நாற்காலியில் சாய்ந்து தெர்மாஸ் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த மகராசன் ரெக்ஸ், ஓடி வந்து சல்லடையைப் பிடுங்கிக்கொண்டார். போட்டோவில் தலைவர் இருக்க வேண்டாமா? ஒரு கண் கேமராவில், வாயில் பழைய பெருமை. அப்படியே வாளியைச் சல்லடையில் கொட்டி ஆட்டி, மேலே தங்கிய கல்லையும் மண்ணையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசினார். கீழே பெட்டியருகே நின்று, சரளை அடைத்துக்கொள்ளாமல் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவள் நோலீன்.

மூன்று மணிக்கு விரிப்பை அலசினார்கள். கருமணலும் கொஞ்சம் பொடித் தங்கமும்தான் இருந்தன. கட்டியைக் காணோம்.

அப்புறம் ரெக்ஸ் தொண்டையைச் செருமினார்.

"நோலீன், தப்பா எடுத்துக்காத. பெட்டிகிட்ட நீ மட்டுந்தான நின்ன? பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டிடு. எல்லாருக்கும் நிம்மதியாப் போயிரும்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தராவது 'சீச்சீ, என்ன பேச்சு இது' என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தரும் சொல்லவில்லை. செல்வினுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் பஸ்ஸில்தான் போகிறார்கள். அவன் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினாள். கைக்குட்டை, பஸ் சாவி, ஒரு இருமல் மிட்டாய். கையுறையை உதறினாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். வெறும் காலுறையோடு ஈரக் கல்லில் நின்றாள். மணற்பூச்சி கணுக்காலைப் பிடுங்கியது, அதை அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

ரெக்ஸ் தோளைக் குலுக்கி, "சரி விடு, எங்க போச்சோ, யாரு கண்டா," என்றார். பாக்கெட்டைக் காட்டச் சொன்னதைவிட அதுதான் அவளைச் சுட்டது. நாளைக் காலை முதல் ஸ்டாப்புக்கு அவள் போவதற்கு முன்னால் இந்த 'யாரு கண்டா' போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளையை ஏற்றிவிட வரும் தாய்மார் முகத்தில் எப்படி முழிப்பது?

அப்போதுதான் பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்த சல்லடை கண்ணில் பட்டது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"செல்வின், எவ்ளோ பெருசுன்னு சொன்ன?"

"கட்டைவிரல் நகம் அளவாச்சும் இருக்கும்."

"இந்த ஓட்டைல உன் கட்டைவிரல விடு, பாப்போம்."

பட்டாணி நுழைகிற ஓட்டை அது. விரல் நுனிகூட இறங்கவில்லை. செல்வினின் முகம் சுருங்கிப் போயிற்று.

அவள் டிடெக்டரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, காலுறையோடேயே ரெக்ஸ் வீசிய குவியலுக்கு நடந்தாள். மூன்றாவது வீச்சில் கருவி கத்தியது. ஒரு களிமண் உருண்டை. களிமண் என்றால் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்து கரைத்த பிறகே வீச வேண்டும். நேற்றுச் சங்கத்தில் சேர்ந்தவனுக்கும் தெரிந்த பாடம் இது. எல்லாரும் பார்க்க அவள் அதை ஓடையில் அமுக்கிப் பிசைந்தாள். மொச்சைக்கொட்டை அளவில் மஞ்சளாக ஒன்று உள்ளங்கையில் தங்கியது.

ரெக்ஸ் சிரித்தபடி கையை நீட்டினார். "பாத்தியா, கெடைச்சிருச்சு. குடு, பங்குல சேத்துரலாம்." மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள்.

"வீசுன கழிவு எடுத்தவங்களுக்குத்தான். நோட்டுல எழுதுனது நீ, ரெக்ஸ்."

"இது பொதுக் குழில வந்தது நோலீன்."

"குழிதான் பொது. வீசுனது நீ."

ரெக்ஸ் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் அவருக்காகவும் வாயைத் திறக்கவில்லை. "ஆமா, அப்படித்தான எழுதிருக்கு," என்று செல்வின்தான் மெதுவாகச் சொன்னான்.

அவளுடைய பாக்கெட் துணி இன்னும் வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளினாள். கட்டியை அதற்குள் போட்டாள். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ரெக்ஸின் முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப சோதிச்சுப் பாரு. இப்ப இருக்கு."