வெர்லின் கூடாரத்தின் வெள்ளி உள்ளுறை

ஆர்டிஸ் ஹால்வர்சன் அம்மாள் எங்கள் ஆந்தை ஏரியின் தென்கரையில், தம் வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகையில் தையல் வேலை செய்து வந்தார். கோடையில் படகுப் போர்வைகள். ஏரி உறைந்துவிட்டாலோ, பனிக்கட்டியில் துளையிட்டு உள்ளே அமர்ந்து தூண்டில் போடும் மீன்பிடிக் கூடாரங்கள். காப்பியைப் பாலின்றியே அருந்துவார். குண்டூசியை உதட்டில் கவ்வியபடியே பேசுவார். ஊர் வம்பைக் காதில் வாங்குவாரேயன்றி வாயால் வழங்கார். மற்றொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்தக் கூடாரத்துக்கு உள்ளுறை தைத்தாலும், அதைக் கொட்டகையிலேயே விரித்து நிறுத்தி, உள்ளே கேஸ் அடுப்பை ஏற்றி, காப்பிக் கோப்பையுடன் சற்று நேரம் அமர்ந்து பார்த்த பின்னரே உரியவரிடம் கொடுப்பார்.

"நான் உக்காராத கூடாரத்துல ஊரான் உக்காரக் கூடாது" என்பது அவர் பேச்சு.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் வெர்லின் பிரேக்கன் தன் மடக்குக் கூடாரத்தை அதைப் பனியில் இழுத்துச் செல்லும் சறுக்குத் தட்டோடு இழுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தான். ஆர்டிஸ் அம்மாளின் தம்பி லைலோடு பள்ளி நாள் முதல் சேர்ந்து மீன் பிடித்தவன் அவன். சென்ற குளிர்காலத்தில் லைல் இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவனும் அவனே.

"அக்கா, உள்ள பூரா அந்த வெள்ளிப் படலம் வச்சுத் தைச்சுக் குடு. போன வருஷம் நடுங்கியே பாதி மீன விட்டேன்."

"ஏன், உன் வாய்ச் சூடு போதலியா?"

"அது வெளிய பேசறதுக்கு. மீன்கிட்ட வாய் செல்லாதுல்ல?" என்று சிரித்து, பூட்ஸ் பனியைத் தரையில் உதறினான்.

ஆர்டிஸ் அம்மாள் அளவு நாடாவை எடுத்தார். "புகை வந்தா கத்துற டப்பா வச்சிருக்கியா?"

"அது எதுக்கு? சும்மா சும்மா கத்தும். தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் கூரையின் நீளத்தை அளந்தார். பிறகு, துணியைப் பார்த்தபடியே கேட்டார்: "அன்னைக்கு லைல் கூடாரத்தத் தட்டினியா வெர்லின்?"

எங்கள் ஏரியில் எழுதாத வழக்கம் ஒன்றுண்டு. மாலையில் கடைசியாகக் கரையேறுபவன், விளக்கெரியும் கூடாரம் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று தட்டி, உள்ளிருப்பவனை அழைத்து, மறுமொழி பெற்ற பின்னரே செல்ல வேண்டும். சண்டைக்காரன் கூடாரமாயினும் விலக்கில்லை. லைல் இறந்த நாளில் கடைசியாகக் கரையேறியவன் வெர்லின்.

"தட்டினேனே! எத்தன வாட்டிக்கா சொல்றது? 'நீ போடா, மீன் கடிக்குது, நான் பின்னால வர்றேன்'னு உள்ளேருந்து சத்தம் குடுத்தான். அதுக்கப்புறந்தான் போனேன்."

"சரி. வியாழக்கிழமை வந்து எடுத்துக்க."

அவன் சென்ற பின் ஆர்டிஸ் அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்தார். லைலின் செவிக்கருவிகள் இரண்டும் அங்கே இருந்தன. அவன் இறந்த அன்று காலை மின்கலம் மாற்றுவதற்காக அவற்றைத் தமக்கையிடம் விட்டுவிட்டு அவன் ஏரிக்குப் போயிருந்தான். அவை இல்லாதபோது காதருகே பீரங்கி வெடித்தாலும் லைல் திரும்பிப் பாரான். தட்டிய ஓசைக்கு அவன் மறுமொழி சொன்னான் என்பது பொய். வெர்லின் அந்தக் கூடாரத்தின் பக்கமே போகவில்லை. போய்க் கதவை விலக்கியிருந்தால், அடைபட்ட காற்றில் அடுப்புப் புகை நஞ்சாகிக் கிறங்கிக் கிடந்தவனை வெளியே இழுத்திருக்கலாம். அந்த நேரத்தில் வெர்லின் ஊர் மதுக்கடையில், மாமிசத்தைப் பரிசாக வைத்து நடத்தும் சீட்டுக் குலுக்கலில் அமர்ந்திருந்தான். அவன் சீட்டுக்குப் பன்றித்தொடை ஒன்று முழுதாக விழுந்தது.

அடக்கத்தன்றே அம்மாளுக்கு இது விளங்கியது. ஆயினும் தேவாலயத்தின் நிலவறையில், காப்பியும் ரொட்டியும் பரிமாறும் இடத்தில், குரலை உயர்த்துவது எங்கள் ஊரில் எவருக்கும் இயலாத காரியம். "ரொம்ப நன்றி வெர்லின்" என்றுகூட அன்று அவர் வாய் சொல்லிவிட்டது. அந்த நன்றி ஓராண்டாக அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

வேலையைத் தொடங்கினார். பளபளக்கும் முகம் உள்நோக்க, துணிக்கும் படலத்துக்கும் இடையே விரற்கடை இடைவெளி விட்டு, துண்டு துண்டாக வெட்டிப் பொருத்தினார். குளிரில் பசை விட்டுவிடுமாதலால் ஒட்டாமல் தைத்தார். கூடாரம் தடையின்றி மடியும் பொருட்டுக் கம்பிகள் கூடும் முனைகளில் கீறல் விட்டார். தையற் பொருத்துகள் மீது வெள்ளி நாடா ஒட்டினார். கூரையோரத்தில் ஒன்றும் தரையோரத்தில் ஒன்றுமாக இருந்த காற்றுத் துளைகளை அடைந்தபோது அவர் கை ஒரு கணம் நின்றது.

பின்பு அவற்றின் மேலும் படலத்தை இழுத்துத் தைத்தார். வெளியே துளையின் மடல் திறந்தே இருக்கும். திறந்திருக்கிறது என்றே வெர்லின் நம்புவான். உள்ளே இரண்டு சுவர்களும் கண்ணாடிபோல் வழுவழுவென்று மூடியிருந்தன. தையல் இவ்வளவு நேர்த்தியாக அவருக்கு எப்போதும் அமைந்ததில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, "இப்ப எவன் வந்து தட்டறான்னு பாப்போம்டா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

வேலை முடிந்தது. பழக்கம் அவரை விடவில்லை. லைலின் பழைய அடுப்பை உள்ளே வைத்து ஏற்றினார். காப்பிக் கோப்பையுடன் கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்து கதவின் ஜிப்பை இழுத்து மூடினார்.

வெப்பம் சுவரில் மோதித் திரும்பி வந்து போர்வைபோல் அவரைச் சுற்றியது. விரல்களின் வலி கரைந்தது. தலைக்குள் ஏதோ மெதுவாகக் கனத்தது. அதுவும் துன்பமாக இல்லை. மார்கழி மாதத்துக் கொட்டகையில் வேனிற்காலப் பிற்பகலொன்று வந்து அமர்ந்ததுபோல் இருந்தது. கண்ணிமைகள் தாழ்ந்தன. கோப்பை சாய்ந்து காப்பி மடியில் கொட்டியது. அந்தச் சூடு மட்டும் இல்லையேல் அவர் எழுந்திருக்க மாட்டார். தட்டுத் தடுமாறி ஜிப்பைப் பற்றி இழுத்து, முழங்காலால் தவழ்ந்து, கொட்டகைக்கு வெளியே பனியில் விழுந்து, மூச்சை வாரி வாரி உள்ளிழுத்தார்.

லைல் நோகாமல்தான் போயிருக்கிறான். ஓராண்டாகத் தேடிய ஆறுதல் அது. நான்கு மூச்சு நேரமே நின்றது. அடுத்த மூச்சில், முன்னிலும் பெருஞ்சினம் மூண்டது. இத்தகைய சுகமான உறக்கத்தையா வெர்லினுக்குத் தைத்துக் கொடுத்தோம்? தான் செய்தது இன்னதென்று ஊர் அறியாமலே, சூடு காய்ந்துகொண்டே அவன் கண்ணை மூடுவதா? அதன்பின் தேவாலயத்தில் அவன் நற்குணங்களைப் படிப்பார்கள். தாமும் அங்கே நின்று ரொட்டி பரிமாற நேரும்.

உள்ளே சென்று அடுப்பை அணைத்தார். வெட்டுக்கத்தியை எடுத்துத் துளைகள் இரண்டையும் பழைய அளவைவிடப் பெரிதாகத் திறந்து, விளிம்பை இரட்டைத் தையலிட்டு மடித்தார்.

வியாழனன்று வெர்லின் தன் சீட்டுத் தோழன் ஹார்லனுடன் வந்தான். ஹார்லன் கூடாரத்துக்குள் தலையை நீட்டிச் சீழ்க்கையடித்தான்.

"அடேயப்பா! அலுமினியத் தாள்ல சுத்தின உருளைக்கிழங்கு மாதிரி வெந்துருவடா நீ."

"பொறாமடா உனக்கு" என்றான் வெர்லின். "அக்கா கைன்னா சும்மாவா?"

"காத்துத் துளை ரெண்டையும் பெருசாக்கியிருக்கேன். மூடாத" என்றார் ஆர்டிஸ் அம்மாள். "நீ ரொம்ப நாள் உசுரோட இருக்கணும் வெர்லின்."

"அதுக்கென்னக்கா, உன் ஆசீர்வாதம்."

அவர் இழுப்பறையைத் திறந்து செவிக்கருவிகளை எடுத்து மேசைமீது வைத்தார். "இது லைலோடது. அன்னைக்குப் பூரா இங்கதான் இருந்துச்சு."

ஹார்லன் கருவிகளைப் பார்த்தான். பிறகு வெர்லினைப் பார்த்தான். "ஏண்டா, சத்தம் குடுத்தான்னு சொன்னியே?"

வெர்லினின் முகம் சாம்பலாயிற்று. "காத்து ஒரேயடியா அடிச்சுதுக்கா. லைட்டு எரிஞ்சுது, நல்லாத்தான் இருப்பான்னு... குலுக்கல் வேற ஆரம்பிச்சிருவாங்கன்னு..."

"பன்னித்தொடை ருசியா இருந்துச்சா?" என்று அம்மாள் கேட்டார்.

வெர்லின் சறுக்குத் தட்டின் கயிற்றைக் கையில் சுற்றினான்; அவிழ்த்தான்; மறுபடியும் சுற்றினான். ஹார்லன் அவனருகிலிருந்து இரண்டடி விலகி நின்றான்.

ஆர்டிஸ் அம்மாள் மேசைமேல் கிடந்த நூல் துணுக்குகளைக் கையால் கூட்டி ஒதுக்கினார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"சனிக்கிழமை காலைல தூண்டில் கடைக்கு வர்றேன். எல்லாரும் இருப்பாங்க. நீயும் வா, வராமப் போ. நீ தட்டாமப் போனத நான் சொல்லப்போறேன்."