ரஷ்ய மொழிக்கு ஆள் இல்லை

கண்டியில் இருக்கும் மலைச்சாரல் நூலகத்தில் மொழிகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. தமிழ், மலையாளம், ஹிந்தி எது வந்தாலும் கஜலட்சுமியின் மேசைக்குப் போகும். அவளுக்குத் தெரிந்த மலையாளம் சினிமா பார்த்து வந்தது, அது வேறு கதை. அரபு, உருது கைரியாவுக்கு. பாளியும் சமஸ்கிருதமும் ஜயலத் மாத்தயாவுக்கு. கொரியாவுக்கு வேலைக்குப் போகப் பரீட்சை எழுதித் தோற்றவர் என்பதால் கொரிய மொழியையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆள் உள்ள மொழி என்றால் புத்தகம் அன்றைக்கே பதிவாகி, இலக்கம் ஒட்டி, அலுமாரிக்குப் போய்விடும். ஆள் இல்லாத மொழி என்றால் அதைத் தொட ஒருவருக்கும் கை வராது.

தமாரா அம்மாவின் ரஷ்யப் புத்தகங்கள் அப்படித்தான் வந்து மாட்டிக்கொண்டன. கம்பளை முத்துலிங்கம் எஞ்சினியர் மொஸ்கோவில் படிக்கப் போன இடத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண் அவர். கம்பளைச் சந்தையில் மரக்கறிக்காரனையே வாயடைக்க வைக்கும் தமிழ் பேசுவார். புருஷன் காலமான பிறகு, ரஷ்யாவுக்கு டொக்டர் படிக்கப் போகிற பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று, இளம் வயதிலிருந்து சேர்த்த புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். கஜலட்சுமி வாய் நிறைய நன்றி சொல்லி வாங்கி வைத்தாள்.

ஆள் இல்லாத மொழி என்பதால் வேலையைப் பங்கு போட்டார்கள். பொறுப்பேற்பது கஜலட்சுமி, பட்டியலில் ஏற்றுவது கைரியா. தலைப்பையே வாசிக்கத் தெரியாதே என்று கைரியா கையைப் பிசைந்தபோது தமாரா அம்மா சிரித்தார்.

“அதுக்கு ஏன் மகள் முழிக்கிறீங்க? நான் வந்து வாசிச்சுச் சொல்றேன், நீங்க எழுதுங்க. எனக்கு ஒரு பிளேன்ரீ போதும்.”

சொன்னபடி ஒரு பிற்பகல் வந்தார். தலைப்பைச் சொல்லச் சொன்னால் கதையையே சொன்னார். எந்தக் கடையில் வாங்கியது, எந்தப் பனிக்காலத்தில் படித்தது என்று ஒவ்வொரு புத்தகமும் நீண்டுகொண்டே போனது. கைரியாவுக்குக் கேட்கக் கேட்க ஆசைதான், வேலைதான் நகரவில்லை. “பிறகு கூப்பிடுறோம் மேடம்” என்று அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. ஒரு மாதம் பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டம், அடுத்த மாதம் நோன்பு, அதற்கடுத்தது பெரஹரத் திருவிழா. தமாரா அம்மாவே இடைக்கிடை ஃபோன் எடுத்துக் கேட்பார். “இந்த மாசம் கொஞ்சம் வேலை கூட மேடம்” என்று சொல்லும்போது கஜலட்சுமிக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஃபோனை வைத்ததும் மறந்துபோகும்.

இலக்கம் ஒட்டாத புத்தகங்களுக்கு அந்த நூலகத்தில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. வருடாந்தக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் அவற்றைக் கண்டால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் முதல் நாளே அவற்றைத் தூக்கிப் பின்னறையில், கழித்துவிட்ட பழைய புத்தகங்களோடு ஒளித்துவைப்பார்கள். அவர்கள் போனதும் திரும்ப எடுத்து வருவார்கள். எத்தனையோ வருடம் இது பிசகில்லாமல் நடந்ததுதான். போன வருடம், எடுத்து வர வேண்டிய அன்று கஜலட்சுமி வத்தேகமவில் ஒரு கலியாண வீட்டில் இருந்தாள். பட்டியல் வேலை கைரியாவுடையதுதானே, அவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் ஒரு காலையில் தமாரா அம்மாவின் மகள் நிலூஷா நூலகத்துக்கு வந்தாள். கதிரையில் உட்காரக்கூட இல்லை.

“அம்மாவுக்குப் பாரிசவாதம், மிஸ். உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா தமிழ், இங்கிலீஷ் எல்லாம் போயிருச்சு. ரஷ்யன் மட்டும்தான் பேசுறாங்க. எனக்கு அது தெரியாது. சின்னதுல சொல்லித்தரவும் இல்ல, நானும் கேக்கல. ஃபோன்ல ரஷ்யப் பாட்டு போட்டா கையால தட்டி விடுறாங்க. கினீகி, கினீகின்னு ஒரே பேச்சு. ரஷ்யன்ல அது புத்தகமாம், அதத்தான் கேக்குறாங்க. அவங்க குடுத்ததுல ஒண்ணு ரெண்டு தந்தீங்கன்னா, பாத்துட்டுத் திருப்பித் தந்துர்றேன்.”

“ஐயோ, அதுக்கென்ன, இருங்க” என்று கஜலட்சுமி எழுந்து போனாள். அலுமாரிகளில் இல்லை. கைரியாவின் மேசைக்குக் கீழேயும் இல்லை. பின்னறையைத் திறந்தபோது அது துப்புரவாகக் கூட்டிக் கிடந்தது. கைரியாவைக் கூப்பிட்டாள்.

“அல்லாவே! நீங்க எடுத்து வெச்சிருப்பீங்கண்டுதானே நான் நெனச்சன், அக்கா. பொறுப்பெடுத்தது நீங்கதானே?” என்றாள் கைரியா.

கழித்த புத்தகங்களை வருடா வருடம் எடுத்துப்போகும் பழைய பேப்பர்க்காரனுக்கு ஃபோன் போட்டார்கள். கழித்த புத்தகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அதெல்லாம் அப்போதே அரைக்கப் போய்விட்டது என்று அவன் சொன்னான். அவன் மேல் என்ன பிழை? கைரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கஜலட்சுமியே போய் நிலூஷாவிடம் உள்ளதைச் சொன்னாள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“ஃபோன் அடிச்சா அம்மாதான் முதல்ல ஓடுவாங்க, நீங்க கூப்பிடுறீங்களோன்னு” என்றாள் நிலூஷா. “இத என்னால அவங்ககிட்டச் சொல்ல முடியாது, மிஸ். நீங்களே வந்து சொல்லுங்க.”

மறுநாள் கம்பளை பஸ்ஸில் வழியெல்லாம் மன்னிப்பு வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள் கஜலட்சுமி. கட்டிலில் தமாரா அம்மா பாதியாகக் கிடந்தார். அவளைக் கண்டதும் நல்ல கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தமிழில் சொன்னால் அவருக்கு எப்படி விளங்கும் என்று கஜலட்சுமி தயங்கினாள்.

நிலூஷா ஃபோனை நீட்டினாள். “இதுல தமிழ்ல சொல்லுங்க, ரஷ்யன்ல மாத்திச் சொல்லும். அவங்க பேசுறதையும் தமிழ்ல சொல்லும். புத்தக அட்டையைக் காட்டினாக்கூட வாசிச்சு அர்த்தம் சொல்லுது, மிஸ்.”

அவள் குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கஜலட்சுமிக்குத்தான் முகம் எரிந்தது. இதே மாதிரி ஒரு ஃபோன் அவள் கைப்பைக்குள்ளும் இருந்தது. கைரியாவிடமும் இருந்தது. நாள் முழுக்க வட்ஸ்அப் பார்த்த ஃபோன்.

தமாரா அம்மா அவள் முகத்தையே பார்த்து ஏதோ கேட்டார். ஃபோன் உணர்ச்சியில்லாத குரலில் தமிழில் சொன்னது: “என் புத்தகங்களை யாராவது வாசிக்கிறார்களா?”

அரைத்துவிட்டார்கள் என்று இந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது? நிலூஷா வாசலில் சாய்ந்து காத்திருந்தாள். கஜலட்சுமி ஃபோனை வாயருகே கொண்டுபோனாள்.

“வாசிக்கிறாங்கம்மா. நிறையப் பேர் வாசிக்கிறாங்க.”

ஃபோன் அதைத் தங்குதடையில்லாத ரஷ்ய மொழியில் சொன்னது. தமாரா அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நிலூஷா கிட்ட வந்து ஃபோனை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டாள். ஒரு தலைப்பை எழுதக் கிடைக்காத ரஷ்ய மொழி, இந்தப் பொய்யைச் சொல்ல ஒரு நொடியில் கிடைத்துவிட்டதே என்று கஜலட்சுமிக்கு நெஞ்சு வெடித்தது.