வெள்ளிக்கிழமைச் சேதி

ரூபி டீச்சர் மைக்கின் முன்னால் வந்து நின்றபோது மலைக்கோட்டை காணாமல் போயிருந்தது. ஐப்பசியில் சில காலைகளில் இப்படி நடக்கும். ராத்திரி பெய்த தூறலின் மிச்சம் மேகமாகத் தாழ்ந்து வந்து பாறையை அடியோடு மூடிவிடும். திண்டுக்கல்காரர்கள் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பால் வாங்க வேண்டும். ரூபி டீச்சர் பார்ப்பாள். அவ்வளவு பெரிய பாறை யாருக்கும் சொல்லாமல் எழுந்து எங்கேயோ போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்வதாக அவளுக்கு ஒரு நினைப்பு. நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வரக்கூடிய நினைப்பா இது என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. வருகைப்பதிவு எடுக்கும்போதே பாதியில் ஜன்னல் வழியாக வெளியே போய்விடுகிறவள் அவள். பிள்ளைகள்தான் "உள்ளேன் டீச்சர்" என்று இரண்டாம் தடவை உரக்கச் சொல்லி அவளை வகுப்புக்குள் இழுத்து வருவார்கள்.

மாதா கோயிலை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிரேயர் முடிந்ததும் சேதி வாசிப்பது அவள் வேலை. வாசிப்பது என்று பேர்தானே தவிரக் கையில் தாள் எதுவும் இருக்காது. வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் காதில் சொல்லும். ஒருத்தனுக்குப் பல் விழுந்திருக்கும். இன்னொருத்தி வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கும். யாருடைய மாமாவோ சின்னாளப்பட்டியில் சாமியாரைக் கூப்பிட்டுப் புது வீடு மந்திரித்திருப்பார். ரூபி அதையெல்லாம் மனசில் அடுக்கி, செய்தி வாசிப்பாளர் குரலில் சொல்லுவாள். மாதா திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று யாரும் அவிழ்க்காமல் மொட்டை மாடியிலேயே தெருவைப் பார்த்து நின்றுவிட்டதால், பல் விழுந்த சேதி டீக்கடை வரைக்கும் போகும். வீட்டில் புதுப் பாப்பா பிறந்தால் மட்டும் மரியாதை தனி. அந்தப் பிள்ளையே மைக்கில் வந்து பாப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும். எல்லோரும் மூன்று தடவை கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே அம்மாவைப் பாப்பா கேட்டு நச்சரிக்கிற பிள்ளைகள் அங்கே உண்டு.

அன்றைக்கு முக்கியமான சேதி புதுநன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குவதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி, வீட்டில் பிரியாணி என்று அது ஒரு சின்னக் கல்யாணம். அதற்கான ஞாயிறு வகுப்பு தொடங்கப் போகிறது, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிவிடுங்கள் என்று பங்குச் சாமியார் ஆள் அனுப்பியிருந்தார். பிரேயருக்கு முன்னால் ரூபி வரிசைகளின் நடுவே நடந்து, "புதுநன்மை வாங்க ஆசையா இருக்கவங்க எல்லாம் வந்து பேர் சொல்லுங்க" என்றாள். ஆசையாக இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். அவள் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டாள். கண் மட்டும் பாறை இருந்த இடத்தில் இருந்தது.

பிறகு மைக்கில் சொன்னாள். ஆன்சி, ஜெனிபர், பிரிட்டோ, ஹுஸ்னா, கிளமென்ட். சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டிச் சேதிக்குப் போய்விட்டாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததையோ, தெருவில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றதையோ அவள் கவனிக்கவில்லை. தலைமையாசிரியை சிஸ்டர் லிடியா பக்கத்தில் வந்து மைக்கை அணைத்த பிறகுதான், தான் சொன்ன நான்காவது பெயர் அவள் காதிலேயே விழுந்தது.

ஹுஸ்னா பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஜெகபர் அலியின் மகள். ஜூன் மாதம்தான் பேகம்பூரிலிருந்து வீடு மாறி வந்து இங்கே நான்காம் வகுப்பில் சேர்ந்தாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடி பள்ளி மைதானத்துக்கு நேர் எதிரே தெரியும். அவளுடைய அம்மா குர்ஷித் பேகம் வெள்ளிக்கிழமைகளில் துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்கு வந்து சேதி கேட்பாள். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ரூபியும் அவளும் பேசிக்கொண்டதே கிடையாது. மைக்கிலிருந்து ஒரு தலையசைப்பு, மாடியிலிருந்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம். ஜூலையில் ஹுஸ்னா ரூபியின் காதுக்கு எம்பி, தன் வீட்டில் பாப்பா பிறக்கப் போகிறது, தம்பி என்றால் ஃபாரிஸ் என்று பேர் என ரகசியம் சொன்னாள். பிறந்ததும் நீயே மைக்கில் வந்து சொல்லலாம் என்று ரூபி வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆகஸ்டில் தம்பி பிறந்தான். ஒரு நாள்தான் இருந்தான். ரூபி வகுப்பில் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஹுஸ்னாவிடம் யாரும் பாப்பாவைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்தாள். பிள்ளைகளும் அப்படியே நடந்துகொண்டார்கள். எதிர்வீட்டு மாடிக் கதவு தம்பி போன அன்றைக்குச் சாத்தியதுதான். அதற்கப்புறம் ஜெகபர் அலிதான் துணி காயப்போட்டார். அவருக்குப் பிழியத் தெரியாது; துணியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கும்.

பிரேயர் கலைந்ததும் சிஸ்டர் லிடியா ரூபியைத் தன் அறைக்குள் கூட்டிப்போனார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ரூபிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது இருக்கிற காலத்தில் இது யார் காதில் எப்படி விழும் என்று தெரியுமா, பிள்ளையை மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் இந்தப் பள்ளி எந்த வாயால் பதில் சொல்லும், அந்த வீட்டுக்காரர் தன் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார் என்று ஒவ்வொன்றாகத் தணிந்த குரலில் கேட்டார். கடைசியில், "இனிமே சேதி வேண்டாம் ரூபி. பிரேயர் போதும்" என்றார். ரூபி தலையாட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பாறை திரும்பி வந்திருந்தது. முதல் தடவையாக அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

மதியம் ஜும்மா தொழுகை முடிந்து ஜெகபர் அலி வந்தார். தோல் மண்டியில் வேலை செய்கிறவர். மற்ற நாட்களில் பிள்ளையை விட வந்தால் தன் மேல் தோல் வாடை அடிக்கும் என்று கேட்டுக்கு அப்பாலேயே நின்றுகொள்கிற கூச்சக்காரர். இன்றைக்கு வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அத்தருமாக உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீக்கடையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே விசாரித்ததையும், பள்ளிவாசலில் ஒருவர் சிரிக்காமல் விசாரித்ததையும் மெதுவாகச் சொன்னார். ரூபி எழுந்து நின்று, தவறு முழுக்கத் தன்னுடையது, நினைவு எங்கேயோ இருந்தது என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினார்.

"எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல டீச்சர். பேர் குடுத்தது எம்புள்ளதான? வீட்லதான் ஒரே பிடியா நிக்கிறா. நம்ம புள்ள நம்ம கையில இல்லாமப் போயிருமோன்னு பயப்படுறா. ஒண்ணைப் பறிகுடுத்தவ பாருங்க. டீசி வாங்கிட்டு வரச் சொல்லிட்டா."

சிஸ்டர் லிடியா, பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஹுஸ்னாவை அழைத்து வரச் சொன்னார். ஹுஸ்னா வந்து, அத்தாவை வெள்ளைச் சட்டையில் பள்ளிக்குள் பார்த்த சந்தோஷத்தில் சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். புதுநன்மைக்கு ஏன் பேர் கொடுத்தாய் என்று சிஸ்டர் கேட்டார். ஹுஸ்னா ரூபியைப் பார்த்தாள். அவள்தானே வரச் சொன்னாள் என்ற பார்வை அது.

"மதரஸால ஹஜ்ரத் சொல்லிருக்காங்க சிஸ்டர். ஓதுனா நன்மை கிடைக்கும், அதை மவுத்தாகி அல்லாகிட்ட போனவங்களுக்குச் சேத்து வைக்கலாம்னு. தம்பி ஒண்ணுமே ஓதலை. அவன்கிட்ட நன்மையே இருக்காது. நான் ஓதுறது கொஞ்சூண்டுதான். இங்க புதுசா நன்மை குடுக்குறாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதான், அதையும் வாங்கி அவனுக்கு..."

ரூபி சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்தாள். நற்கருணைக்கு நன்மை என்பது இருபது வருடமாக அவள் வாயில் புழங்கிய சொல். அதே சொல் தெருவுக்கு அந்தப் பக்கம் வேறொரு பொருளோடு நடமாடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. சிஸ்டர் லிடியா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கி, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். ஜெகபர் அலி மகளைத் தன் முழங்கால் அருகே இழுத்துக்கொண்டார். அத்தர் வாசனைக்கு அடியில் லேசாகத் தோல் வாடை வந்தது.

"அவனுக்கு நன்மையெல்லாம் சேக்க வேணாம்மா. பச்சைப் புள்ளைக கேள்வி கணக்கில்லாம நேரா சுவர்க்கத்துக்குப் போயிருங்க. அவன் நல்லா இருக்கான்."

ஹுஸ்னா அதை யோசித்துப் பார்த்தாள். நம்பினாள் என்றுதான் தோன்றியது. பிறகு, ஏற்கெனவே கேட்க வைத்திருந்த ஒன்றைக் கேட்பவள் போல, "அப்ப அவன் பொறந்த சேதியாச்சும் சொல்லலாம்ல? எல்லார் தம்பிக்கும் சொன்னாங்க" என்றாள்.

பிள்ளையின் மனசு நோகக்கூடாது என்று தான் கட்டிக் காத்த மௌனத்தை இந்தப் பிள்ளை இத்தனை நாளும் என்னவென்று நினைத்திருக்கும் என்று ரூபிக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி கணக்கிலேயே வரவில்லை என்று நினைத்திருக்கிறாள். ஜெகபர் அலி எழுந்தார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். டீசியைப் பற்றிச் சொன்னாரா, சேதியைப் பற்றிச் சொன்னாரா என்று தெரியவில்லை. மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க ஹுஸ்னா வரவில்லை. சிஸ்டர் லிடியா டீசி எழுதவும் இல்லை, எழுதவில்லை என்று சொல்லவும் இல்லை. ரூபி வருகைப்பதிவில் அந்தப் பெயரைத் தினமும் கூப்பிட்டாள். பதில் வராது என்று தெரிந்தே கூப்பிட்டு, செத்த நேரம் பொறுத்து, அடுத்த பெயருக்குப் போனாள். ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் தூறல் போட்டு, மறுபடியும் பாறை இல்லை. பிரேயருக்கு மணி அடித்த பிறகு, கேட்டருகே குடையோடு ஜெகபர் அலி நிற்பதை ரூபி பார்த்தாள். அவர் பக்கத்தில் சீருடையில், இரட்டைச் சடையோடு ஹுஸ்னா. ரூபி நனைந்துகொண்டே ஓடினாள். உள்ளே வாங்க பாய் என்று கூப்பிட்டதற்கு அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். வேலைக்குப் போகிற அழுக்குச் சட்டையில் இருந்தார்.

"வீட்ல கேட்டேன் டீச்சர். சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. காலைல எந்திரிச்சு மாடிக் கதவைத் தொறந்து வச்சிருக்கா."

ரூபி ஹுஸ்னாவைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தாள். படியில் சிஸ்டர் லிடியா நின்றிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் சேதி வேண்டாம் என்றவர் அவர்தான். இப்போது அவர் ஹுஸ்னாவைப் பார்த்தார், தாண்டிக் கேட்டைப் பார்த்தார், பிறகு மைக் கம்பியின் திருகைத் தளர்த்தி ஹுஸ்னாவின் வாய்க்குச் சரியாக இருக்கும்படி இறக்கி வைத்தார். ஈரத்தில் ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரத்தது.

"என் பேரு ஹுஸ்னா. நாலாம் வகுப்பு. எங்க வீட்ல எனக்குத் தம்பி பொறந்தான். அவன் பேரு ஃபாரிஸ். ஒரு நாள் இருந்தான்."

மேகத்துக்குள் அந்தப் பெயர் போய் முட்டித் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. டீச்சரைப் பார்த்தார்கள். ரூபிக்கும் தெரியவில்லை. அப்போது முன்வரிசையில், ஒன்றாம் வகுப்பில், பாப்பா சேதி என்றால் கை தட்ட வேண்டும் என்பது மட்டும் தெரிந்த ஒரு வாண்டு, படபடவென்று தட்டத் தொடங்கியது. தடுக்க எழுந்த ரூபியின் கை பாதியில் நின்றது. அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது, அதற்கடுத்த வரிசையும். மைதானம் முழுக்க ஒழுங்காக மூன்று தடவை தட்டி ஓய்ந்தது.

எதிர்வீட்டு மாடியில் குர்ஷித் பேகம் நின்றிருந்தாள். தூறலில் காயப்போட வந்தவள் போலக் கையில் ஒரு ஈரத் துண்டு. அவள் தலையசைக்கவில்லை, அழுததாகவும் தெரியவில்லை. கைப்பிடிச் சுவரோடு சேர்ந்து நின்று மைக் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு அவள் கையை விட்டு நழுவி, சுவரில் ஒரு நொடி தங்கி, கீழே தெருவில் போய் விழுந்தது. ஜெகபர் அலி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து போய் அதை எடுத்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே, தனக்குத் தெரிந்த மட்டும், அதைப் பிழியத் தொடங்கினார்.