எட்டாம் பக்கம்

அன்று எங்கள் மல்லாங்கிணறு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒச்சப்பனாகிய நான். என் மனைவி வெள்ளைத்தாய். மதராஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரசாயனம் கற்பிக்கும் என் மகன் காசிராஜன். அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த கோட்டைச்சாமி. அந்தக் கம்பெனியில் வெந்து செத்த சோணைமுத்துவின் மனைவி வள்ளித்தாய். அவள் முற்றத்தில் நின்றாள். 1963 கார்த்திகை. ஆறாவது ஆள் இருந்ததாகச் சொல்பவன் அங்கே இல்லாதவன்.

காசிராஜனின் துறையில் பத்துப் பேருக்கு ஒரே தராசு. தொழில் நடத்துகிறவர்கள் ஒரு பங்கு போட்டால் ஆராய்ச்சிக்கு டெல்லி இரண்டு பங்கு தரும் என்று சொல்லியிருந்தார்கள். கோட்டைச்சாமிக்குக் கடிதம் எழுதிக் கேட்டவன் காசிராஜனே. அதற்குப் பிறகுதான் தீ. சோணைமுத்து பீடி பற்றவைத்தான் என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. பீடி என்றால் வள்ளித்தாய்க்கு நஷ்டஈடு கிடையாது. காசிராஜன் அங்கே மிஞ்சிய பட்டாசு மருந்தைச் சோதித்து எட்டுப் பக்கம் எழுதினான். குளோரேட்டும் கந்தகமும் கலந்து ஈரக்காற்றில் போட்டுவைத்தால் யாரும் தொடாமலே பற்றும், அங்கே நடந்ததும் அதுவே என்று எட்டாம் பக்கம் சொன்னது. அடுத்த வாரம் கோர்ட்டில் வழக்கு. அந்தப் பக்கத்துக்காகத்தான் வள்ளித்தாய் வந்திருந்தாள்.

கோட்டைச்சாமி வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

"அண்ணாச்சி, வருசம் தவறாம ஆராய்ச்சிக்குத் தாரோம். அடுத்த வருசம் ரெட்டிப்பு. ஒங்க மகனுக்குப் புதுக் கட்டடமே வரட்டும். மொதல்ல தட்டைப் பிடிங்க."

எங்கள் பக்கத்தில் தட்டை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். என் மூன்று பெண்களின் நிச்சயமும் அப்படித்தான், பங்காளிகளோடு இருந்த கிணற்றுத் தகராறு தீர்ந்ததும் அப்படித்தான். எதற்கான தட்டு என்று கேட்காமல் அதுவரை நான் வாங்கியதில்லை. அன்று மகனுக்கு வந்த மரியாதை என்று கை நீண்டுவிட்டது.

"அந்தக் கடைசித் தாளு மட்டும் வேண்டாம்" என்றார் கோட்டைச்சாமி, உட்கார்ந்த பிறகு.

காசிராஜன் எழுந்துவிட்டான். "தட்டைத் திருப்பிக் குடுங்கய்யா. எதுக்குன்னு கேக்காமலா வாங்குனீக?"

கோட்டைச்சாமி சிரித்தார். "ஏன் தம்பி, துட்டு கேட்டு மூணு காயிதம் போட்டது நீங்கதான? தராசு இல்லேன்னு அம்புட்டு அழுதீக. இப்ப தராசு கசக்குதாக்கும்?"



"சாமி" என்று முற்றத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள் வள்ளித்தாய். "அவுக பீடி தொட்டதே இல்ல. மூக்குப்பொடிதான் போடுவாக. பொடிமட்டை இடுப்போட கருகிக் கெடந்துச்சு. படிச்சவுக எளுதிட்டா கோர்ட்டு நம்பும்னாகளே."

நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. வெள்ளைத்தாய் என் பின்னால் வந்து நின்று மெல்லச் சொன்னாள்: "திருப்பிக் குடுத்திருங்க. ஒரு தட்டுதான."

ஒரு தட்டுதான். என் தகப்பனார் அப்படி வாங்கிய ஒரு தட்டுக்காக நாலு ஏக்கர் கரிசலை விட்டுக்கொடுத்தவர்.

"ஏலே, வாங்குன தட்டைத் திருப்புன வீடு இல்லலே இது. தாளை எடுத்திரு."

 காசிராஜன் தாள்களைக் கட்டியிருந்த நூலைப் பிரித்து எட்டாம் பக்கத்தை உருவி, கோட்டைச்சாமியிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினான். "நீங்களே வச்சுக்கோங்க."

பீடிதான் காரணம் என்று வழக்கு தள்ளுபடியானது. மறு சீசனுக்கு வள்ளித்தாய் அதே கம்பெனியில் திரி வெட்டப் போனாள். காசிராஜனின் துறைக்கு மாடிக் கட்டடமும் ஆறு தராசுகளும் வந்ததாகப் பத்திரிகையில் படித்தேன். அவன் அதன்பின் மல்லாங்கிணற்றுக்கு வரவில்லை. அந்தத் தாள் என் பெட்டியில், நிலப்பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறது.

தட்டில் வெற்றிலைக்கு அடியில் நோட்டுக்கட்டு இருந்தது என்று சூலக்கரை வரைக்கும் பேசுகிறார்கள். தவறு. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம். அவ்வளவுதான் இருந்தது.