கட்டாத நாய்

மின்கம்பி விஷயத்தில் எங்கள் விம்மெராக் கோதுமைச் சமவெளிக்காரர்களுக்கு விவரம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் அறுவடைக்கு முன்னால் தீயணைப்புக் குழுக் கூட்டத்தில் நான்தான் எடுத்துச் சொல்வேன். வண்டி கம்பியில் பட்டால் உள்ளேயே உட்கார். மின்சாரக்காரன் வந்து நிறுத்தும்வரை இறங்காதே. மற்றவர்கள் முப்பது அடிக்குள் போகாதீர்கள். என் கணவன் மெர்வின் கடைசி வரிசையில் கேக் தின்றுகொண்டே தலையாட்டுவான். ஊருக்குத்தான் உபதேசம்.

தானியத் தொட்டிகளுக்குக் கோதுமை ஏற்ற ஆகர் என்று சக்கரம் வைத்த ஒரு நீண்ட இரும்புக் குழாய் உண்டு. அடுத்த தொட்டிக்கு இழுத்துப் போகுமுன் அதைத் தாழ்த்த வேண்டும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்கப் பத்து நிமிஷம், மறுபடி ஏற்றப் பத்து நிமிஷம். இங்கே ஒருவனும் இறக்குவதில்லை. அதிலும் போன அறுவடையில் ஒருநாள் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த கோதுமை மாட்டுக்குத்தான் ஆகும். மெர்வின் நிமிர்ந்து நின்ற ஆகரை அப்படியே டிராக்டரில் மாட்டி இழுத்திருக்கிறான்.

நான் மதியச் சாப்பாட்டோடு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ஆகரின் நுனி கம்பியில் சாய்ந்திருந்தது. டிராக்டரின் டயர்கள் புகைந்தன. உள்ளே மெர்வின் முழுசாக உட்கார்ந்திருந்தான். முப்பது அடி தள்ளியே நின்று மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்தேன். அரைமணி ஆகும் என்றார்கள்.

"இறங்கினே, நானே உன்னக் கொன்னுருவேன்" என்று கத்தினேன்.

அவன் கண்ணாடியைத் திறந்தான். "கூட்டத்துல நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன், வாத்தியாரம்மா. இன்னிக்கும் ஆட்டுக்கறி சாண்ட்விச்தானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வண்டியின் பின்தட்டில் எங்கள் ஆடு மேய்க்கும் நாய் டிங்கர் இருந்தது. பின்தட்டில் ஏறும் நாயை இங்கே எல்லோரும் சங்கிலியில் கட்டுவார்கள். மெர்வின் கட்ட விடமாட்டான். சங்கிலி தேவைப்படுகிற நாய் நாயே இல்லை என்பான். மனிதர்களை எல்லாம் தள்ளி நிறுத்தத் தெரிந்த எனக்கு நாய் ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் குரல் கேட்டதும் அது குதித்து ஓடியது. நான் கூப்பிட்டது அதன் காதில் ஏறவே இல்லை.

"இரு" என்று மெர்வின் அதட்டினான். சொன்ன இடத்தில் நின்றது, நல்ல நாய். டிராக்டருக்குப் பக்கத்தில், மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்த மண்ணில். நின்றபடியே சாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து முனகத் தொடங்கியது.

"இன்னும் சாகல, வெர்னா."

"நாய்தானே மெர்வின். விடு. உக்காரு."

நாய்தானே என்றேன். அந்தச் சொல்தான் அவனை இறக்கியது. இறங்கியே ஆகவேண்டுமென்றால் டிராக்டரையும் மண்ணையும் ஒரே சமயத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும், நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் நாயைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தான். முப்பது வருஷமாக இறங்குகிற மாதிரியே கதவோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தான்.

நான் போகவில்லை. சட்டப்படி முப்பது அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரக்காரர்கள் வர இன்னும் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. மழை வரவே இல்லை.

நானும் ஓடியிருந்தால் இரண்டு சாவு விழுந்திருக்கும், நான் கெட்டிக்காரி என்று ஊரே பாராட்டுகிறது. இந்த வருஷமும் கூட்டத்தில் பேசச் சொல்லிக் கேட்டார்கள். போய்ப் பேசினேன். ஆகரை இறக்கிவிட்டு இழுங்கள் என்றேன். கேக் தின்றுகொண்டே தலையாட்டினார்கள்.

நாய் பிழைத்துவிட்டது. பின்னங்கால் ஒன்று இழுக்கிறது. பக்கத்துக் காட்டில் டிராக்டர் சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்க்கிறது. சோறு வைக்கும்போதெல்லாம் அதை வெறுக்கிறேன், பிறகு அதன் காலைப் பிடித்துவிடுகிறேன். வெளியே கிளம்பினால் அதைப் பின்தட்டில் ஏற்றிச் சங்கிலியில் கட்டுகிறேன். மெர்வின் இருந்திருந்தால் அதற்கு என்னோடு சண்டை போட்டிருப்பான்.